ஒரே குடும்பம், வேறு வேறு விலை: மூடிய ஹெட்ஃபோனில் கூடுதல் பணம் எங்கே போகிறது?

ஆடியோ-டெக்னிகாவின் எம் வரிசையில் எம்20எக்ஸ், எம்30எக்ஸ், எம்40எக்ஸ், எம்50எக்ஸ் என்று நான்கு மூடிய ஹெட்ஃபோன்கள், அதாவது காதை மூடும் கப்பின் பின்பக்கம் அடைத்தவை, இருக்கின்றன. நான்கும் கறுப்பு, நான்கும் கேபிள் போட்டவை. கொஞ்சம் தள்ளி வைத்தால் எது எது என்று சட்டென்று சொல்ல முடியாது. விலையில் மட்டும் அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு இடைவெளி. வாங்கப் போகிறவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறார். முதலாவதில் கொடுக்கக்கூடிய அலைவரிசை வீச்சு 15 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. அடுத்ததில் மேல் எல்லை 22,000. அதற்கடுத்ததில் 24,000. கடைசியில் 28,000. விலையோடு எண்ணும் ஏறுகிறது, அப்படியானால் ஒலியும் ஏறத்தானே வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

அந்தக் கணக்கு தவறு. மனிதக் காதுக்கு எட்டுகிற மேல் எல்லையே, அதுவும் இளம் வயதில், 20,000 ஹெர்ட்ஸ்தான். வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். ஆக அந்த நான்கு பெட்டிகளிலும் உள்ள வித்தியாசம் முழுக்க நம் காது கேட்காத பகுதியில் இருக்கிறது. அது மட்டுமில்லை. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் அந்த வீச்சு என்று போடாமல் வெறும் இரண்டு எண்களைப் போட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது. நடுவில் பெரிய பள்ளம் இருந்தாலும் அதே இரண்டு எண்களைப் போடலாம். சோனி எம்டிஆர்-வி6 என்று 1985இல் ஒரு ஹெட்ஃபோன் வந்தது. அதை ஒட்டி 1991இல் ஸ்டுடியோக்காரர்களுக்காக எம்டிஆர்-7506 வந்தது. ஒலி எழுப்பும் ட்ரைவர் இரண்டிலும் 40 மி.மீ., இரண்டின் மின்தடையும் (இம்பீடன்ஸ்) 63 ஓம், தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. வீட்டு உபயோகத்துக்கான வி6இல் 5 முதல் 30,000 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டார்கள். தொழில்முறை ஆட்களுக்கான 7506இல் 10 முதல் 20,000 என்று அடக்கமாகப் போட்டார்கள். வி6 கடையிலிருந்து போய்விட்டது. எண் குறைவாகப் போட்ட 7506 இன்றும் பதிவுக் கூடங்களிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் தொங்குகிறது.

ஒரே மாதிரியான மூடிய ஹெட்ஃபோன்களில் விலை கூடியதை எடுப்பதா, குறைந்ததை எடுப்பதா என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மூடிய ஹெட்ஃபோனின் ஒலியைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு. கப்பின் ஓரத்தில் உள்ள மெத்தையான பேட் உங்கள் காதைச் சுற்றிக் காற்று கசியாமல் உட்காருகிறதா என்பது ஒன்று. கப்புக்குள் அடைபட்ட ஒலியை வடிவமைத்தவர் எப்படிக் கட்டுப்படுத்தினார் என்பது இன்னொன்று. இந்த இரண்டுமே விலையோடு சேர்ந்து ஒழுங்காக ஏறுவதில்லை. கூடுதல் பணம் உறுதியாக வாங்கித் தருகிற விஷயங்கள் வேறு. அவை உங்களுக்கு வேண்டுமா என்று பார்த்துத்தான் அந்தப் பணத்தைப் போட வேண்டும்.

முதலில் கப்பின் உள்ளே போவோம். ட்ரைவரின் சவ்வு முன்னும் பின்னும் ஆடும்போது காதுப் பக்கம் போகிற அளவுக்கு ஒலி பின்பக்கமும் போகிறது. திறந்த வகை ஹெட்ஃபோனில் அந்தப் பின் ஒலி வலை வழியாக வெளியே போய்விடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு, ஆனால் கேட்பவருக்கு நிம்மதி. மூடிய வகையில் அதற்குப் போக்கிடமில்லை. கப்பின் சுவரில் மோதித் திரும்புகிறது. சவ்வு மிக மெல்லியது, அதனால் திரும்பி வந்த ஒலி அதன் வழியாகவே காதுப் பக்கம் வந்து அசல் ஒலியோடு கலக்கிறது. சில அலைவரிசைகள் வீங்கும், சில மறையும். எதிரெதிரான இரண்டு கடினமான பரப்புகளுக்கு நடுவே மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அந்த இடைவெளியில் 5,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் ஒத்ததிர்வு எழும். பாட்டில் ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகளின் கூர்மை அந்தப் பகுதியிலும் அதற்கு மேலும்தான் இருக்கிறது. மூடிய ஹெட்ஃபோன் போட்டால் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, சில எழுத்துகள் காதைக் கீறுகின்றன என்று பலர் சொல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதை அடக்கத் தயாரிப்பாளர்கள் செய்கிற வேலைகள் பலவிதம். பஞ்சு, கம்பளித் துணி, நுரை போன்றவற்றை உள்ளே வைப்பார்கள். கப்பின் உட்சுவரை இணையாக இல்லாமல் சாய்ப்பார்கள். சிறு துளை விட்டு அதில் துணி ஒட்டுவார்கள். சென்ஹைசர் 2018இல் கொண்டுவந்த எச்டி 820இல் ட்ரைவருக்குப் பின்னால் குழிந்த கண்ணாடியே வைத்தார்கள். பின் ஒலியை அது ஓரத்தில் உள்ள உறிஞ்சும் அறைகளுக்குத் திருப்பிவிடும். அந்தக் கம்பெனியின் விலை உயர்ந்த வரிசைகளில் ஒன்றைச் சேர்ந்த ஹெட்ஃபோனிலேயே இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்றால் பிரச்சினை எவ்வளவு கடினமானது என்று புரியும்.

இதற்கு நல்ல சாட்சி ஃபாஸ்டெக்ஸின் டி50ஆர்பி. அது பாதி திறந்த வகை, தட்டையான சவ்வுள்ள பிளேனார் ட்ரைவர், விலையும் அதிகமில்லை. கைத்திறன் உள்ளவர்கள் அதைப் பிரித்துக் களிமண் போன்ற பசையும் கம்பளியும் பஞ்சும் உள்ளே ஒட்டி, துளைகளை அடைத்து, பேடை மாற்றி, முற்றிலும் வேறொரு ஹெட்ஃபோனாக்கிக் காட்டினார்கள். டான் கிளார்க் அதையே தொழிலாக்கினார். 2013இல் அவருடைய மிஸ்டர்ஸ்பீக்கர்ஸ் கம்பெனி கப்பை முப்பரிமாண அச்சில் செய்து ஆல்ஃபா டாக் என்று விற்றது. உள்ளே இருந்தது அதே டி50ஆர்பியின் ட்ரைவர். ட்ரைவரை மாற்றாமல் சுற்றியுள்ள காற்றையும் அதை அடக்குகிற பொருள்களையும் மாற்றியே ஒலியை அவ்வளவு தூரம் நகர்த்த முடிந்தது. எம்40எக்ஸில் 40 மி.மீ. ட்ரைவர், எம்50எக்ஸில் 45 மி.மீ. ட்ரைவர் என்ற வித்தியாசத்தை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். விட்டம் ஒரு வடிவமைப்புத் தேர்வு, அவ்வளவே. எம்50எக்ஸில் பேஸ் (கீழ் அலைவரிசை ஒலி) சற்றுத் தூக்கலாக இருக்கும், மேலே கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். எம்40எக்ஸ் நடுப்பகுதியில் நிதானமானது. குரல் வெட்டி ஒட்டுகிற வேலைக்கு நான் விலை குறைந்ததைத்தான் எடுப்பேன். விலைக்காக இல்லை, அந்த நிதானத்துக்காக.

அடுத்தது பேட். மூடிய ஹெட்ஃபோன் வாங்குகிறவர் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும்.

ஸ்பீக்கர் ஒரு அறை முழுக்க உள்ள காற்றை அசைக்க வேண்டும். ஹெட்ஃபோனுக்கு அந்த வேலை இல்லை. சவ்வுக்கும் காதுக்கும் இடையில் உள்ள கொஞ்சம் காற்றை அமுக்கி விட்டால் போதும், அந்த அழுத்தமே செவிப்பறைக்குப் பேஸாகக் கேட்கும். அதனால்தான் உள்ளங்கைக்குள் அடங்குகிற ட்ரைவரால் 30 ஹெர்ட்ஸைக் கூடக் கொடுக்க முடிகிறது. ஆனால் அந்தக் காற்று அடைபட்டிருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சிறு இடுக்கு இருந்தால் மெதுவாக ஏறி இறங்குகிற கீழ் அலைவரிசை அழுத்தம் அதன் வழியாக வெளியே வடிந்துவிடும். வேகமாக ஆடுகிற மேல் அலைவரிசைகள் வெளியேற நேரம் போதாது, அவை அப்படியே இருக்கும். விளைவு, பேஸ் காணாமல் போய் மீதியெல்லாம் கூர்மையாகத் தனித்து நிற்கும். “இந்த மாடல் ரொம்ப மெலிசாக இருக்கிறது, பேஸே இல்லை” என்று ஒருவர் எழுதுகிறார், அதே மாடலைப் பற்றி இன்னொருவர் “பேஸ் அமுக்குகிறது” என்று எழுதுகிறார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் கண்ணாடி போட்டிருக்கலாம், கன்னத்தாடை எலும்பு பள்ளமாக இருக்கலாம், அடர்த்தியான முடி பேடுக்குக் கீழே மாட்டியிருக்கலாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். 40 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு தொடர் ஒலியை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு ஹெட்ஃபோனைப் போடுங்கள். இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவாகக் காதோடு சேர்த்து அமுக்குங்கள். கை வைத்ததும் ஒலி சட்டென்று பெருகினால் அதுவரை கசிவு இருந்திருக்கிறது. காதுக்குக் கீழே, தாடை தொடங்குகிற குழியில் விரலை வைத்துப் பேடின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்தால் வித்தியாசம் திடுக்கிட வைக்கும். தலையைத் திருப்புங்கள், வாயைத் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் பேஸ் வந்து வந்து போனால், அந்த ஹெட்ஃபோன் ஊரே புகழ்ந்ததாக இருந்தாலும் உங்கள் தலைக்கு ஆகாது.

இந்த ஒரு காரணத்தாலேயே விலை அதிகமான ஹெட்ஃபோன் விலை குறைந்ததிடம் தோற்றுப்போவது அடிக்கடி நடக்கிறது. ஏகேஜி 2019இல் கே361, கே371 என்று இரண்டு மூடிய ஹெட்ஃபோன்களைக் கொண்டுவந்தது. இரண்டிலும் 50 மி.மீ. ட்ரைவர், இரண்டும் 32 ஓம், இரண்டிலும் கேபிளைக் கழற்றலாம். கே371 விலையில் மேலே. ஆய்வுக்கூட அளவீட்டில் அதன் வளைவு, அதாவது எந்த அலைவரிசை எவ்வளவு உரக்க வருகிறது என்று காட்டும் கோடு, பெரும்பாலோர் விரும்புவதாகக் கண்டறியப்பட்ட வளைவுக்கு ரொம்ப நெருக்கம். ஆனால் அந்த வளைவு உங்கள் தலையிலும் கிடைக்க வேண்டுமானால் அந்த நீள்வட்டப் பேட் சரியாக அமர வேண்டும். அமராவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அந்த வளைவை இல்லை, அதன் மேல்பாதியை மட்டும்.

பெரும்பாலோர் விரும்பும் வளைவு என்றேன், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஹார்மன் கம்பெனியில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012ஐ ஒட்டித் தொடங்கிப் பல ஆண்டுகள் கேட்புச் சோதனைகள் நடத்தினார்கள். ஏகேஜியும் ஹார்மனுடையதுதான். ஒரு ஹெட்ஃபோனைக் கையில் எடுத்ததுமே எடை, பேடின் மென்மை, பெயர் எல்லாம் சேர்ந்து தீர்ப்பை வளைத்துவிடும். அதைத் தவிர்க்க அவர்கள் ஒரே ஹெட்ஃபோனைக் கேட்பவரின் தலையில் மாட்டி, மற்ற மாடல்களின் ஒலியை மென்பொருள் வழியாக அதில் வரவழைத்துக் கேட்கவைத்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பதுபோல, பேஸ் கொஞ்சம் உயர்ந்து மேலே ஒழுங்காக இறங்குகிற ஒலியைத்தான் பல நாடுகளைச் சேர்ந்த, பல வயதுடைய கேட்பவர்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள். 2017இல் ஜெரூன் ப்ரேபார்ட் 283 ஹெட்ஃபோன்களின் அளவீட்டு வளைவுகளையும் அவற்றின் விலைகளையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது முடிவு மட்டுமல்ல, கட்டுரையின் தலைப்பே அதுதான்.

எல்லா ஹெட்ஃபோனும் ஒன்றுதான் என்று இதற்கு அர்த்தமில்லை. வித்தியாசம் பெரிதாகவே இருக்கிறது. ஆனால் அந்த வித்தியாசம் எந்தப் பக்கம் போகும் என்பதை விலைச்சீட்டு சொல்லாது. நல்ல ட்யூனிங், அதாவது ஒலியைச் சீராக அமைப்பது, ஒரு அறிவு. அந்த அறிவு கிடைத்துவிட்டால் விலை குறைந்த மாடலில் அதைப் போடுவதற்கும் விலை கூடிய மாடலில் போடுவதற்கும் செலவு வித்தியாசம் பெரிதாக இருக்காது.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? எம்20எக்ஸிலும் எம்30எக்ஸிலும் கேபிள் நிரந்தரமாகப் பொருத்தியது. எம்40எக்ஸிலிருந்து கழற்றலாம். என்னைக் கேட்டால் அந்த நான்கில் மிக முக்கியமான படி அதுதான். ஹெட்ஃபோன்கள் பெரும்பாலும் ட்ரைவர் போய்ச் சாவதில்லை. கேபிள் கப்புக்குள் நுழைகிற இடத்தில் உள்ளே கம்பி அறுந்து ஒரு பக்கம் மட்டும் கேட்க ஆரம்பிக்கும், நாற்காலிச் சக்கரம் ஏறும், பிளக்கின் கழுத்து மடியும். கேபிளைக் கழற்ற முடிந்தால் அது ஐந்து நிமிட வேலை. முடியாவிட்டால் பிரித்துப் பற்றவைக்க வேண்டும், அல்லது தூக்கிப்போட வேண்டும். தினமும் பையில் போட்டு எடுத்துப் போகிறவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். மேசையை விட்டு நகராத ஹெட்ஃபோனுக்கு அவ்வளவு அவசியமில்லை. சோனி 7506இன் சுருள் கேபிளும் நிரந்தரமானதுதான். அப்படியிருந்தும் அதற்குப் பேடும் உதிரிகளும் தொடர்ந்து கிடைப்பதால் முப்பது ஆண்டுக்கு மேலாகத் தாக்குப்பிடிக்கிறது.

கப்பைத் தாங்குகிற கொக்கி, மடிகிற கீல், தலைக்கு மேலே வருகிற பட்டையின் உள்ளே எஃகு இருக்கிறதா வெறும் பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் பணம் உண்மையாகவே பேசுகிற இடங்கள். இடது வலது ட்ரைவர்களை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாகப் பொருத்தி அனுப்புகிறார்கள் என்பதும் அப்படித்தான். மலிவான மாடல்களில் பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கம் சற்று ஒதுங்கி நிற்பதுபோல் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மைதான். இது ஒவ்வொரு பெட்டிக்கும் மாறும், மாடலுக்கு என்று சொல்ல முடியாது. ஆகையால் புதிதாக வாங்கியதும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிற மோனோ ஒலி ஒன்றை ஓடவிட்டு அது சரியாக நெற்றியின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

சில நேரம் விலை வித்தியாசம் முழுக்கப் பெட்டிக்குள் கூட வருகிற சாமான்களுக்குத்தான். 1988இல் வந்து இன்னமும் டிஜேக்கள் கழுத்தில் இருக்கிற சென்ஹைசர் எச்டி 25ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது காது மேலேயே உட்காருகிற வகை. அதன் பிளஸ் பதிப்பில் கூடுதலாகச் சுருள் கேபிள், இன்னொரு ஜோடிப் பேட், ஒரு பை. ஹெட்ஃபோன் அதேதான். லைட் பதிப்பில் தலைப்பட்டை எளிமையானது, இரண்டாகப் பிரிந்து தலையைப் பிடிக்காது. இந்த மூன்றில் எதை வாங்கினாலும் கிடைக்கிற பெரிய சொத்து ஒன்றுதான்: ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே மாற்ற முடியும்.

ஓம் விஷயத்துக்கு வருவோம், இதில் குழப்பம் தீராமல் இருக்கிறது. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் கிடைக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும் 250 தான் ‘உண்மையான’ வகை, 32 கத்துக்குட்டிகளுக்கு என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. மூன்றுக்கும் கம்பெனி சொல்லும் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். மில்லிவாட்டை வோல்ட்டாக மாற்றிப் பார்த்தால் படம் தெளிவாகும். ஒரு வோல்ட் கொடுத்தால் 250 ஓம் வகை ஏறத்தாழ 102 டெசிபல் தரும், 32 ஓம் வகை ஏறத்தாழ 111 தரும். அதாவது ஒரே ஃபோனில் ஒரே அளவு சத்தம் வைத்தால் 250 ஓம் வகை 9 டெசிபல் தாழ்ந்து கேட்கும். பலவீனமான லேப்டாப் அவுட்புட்டில் அது இடிக்கும். ஃபோனில் செருகுகிற, ஒரு வோல்ட் தருகிற சின்ன டாங்கிளிலேயே பெரும்பாலான இசைக்குப் போதும். தாழ்ந்த சத்தத்தில் பதிவான செவ்வியல் இசைக்கோ, இக்யூ (அலைவரிசை வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் மென்பொருள்) போட்டு மொத்த அளவைக் குறைத்துக் கேட்பவருக்கோ தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வேண்டியிருக்கலாம்.

மூன்றின் ஒலியும் கொஞ்சம் வேறுபடுகிறது என்பது சரிதான். ஆனால் பேடைப் பாருங்கள். 32 ஓம் வகையில் செயற்கைத் தோல். 80, 250 வகைகளில் சாம்பல் நிற வெல்வெட் போன்ற துணி. துணி காற்றைக் கொஞ்சம் விடும், தோல் விடாது. கேட்கிற வித்தியாசத்தில் எவ்வளவு ஓமால் வந்தது, எவ்வளவு பேடால் வந்தது என்று பிரிக்காமல் ஓமுக்கு மட்டும் பெருமை சேர்ப்பது நியாயமில்லை. கேபிளும் வேறு வேறு: 32க்கு 1.6 மீட்டர், 80க்கு 3 மீட்டர், 250க்குச் சுருள். ஃபோனில் கேட்பவர் 3 மீட்டர் கேபிளை மடக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நடப்பதைவிட 32ஐ எடுத்துவிடலாம். 2024இல் வந்த டிடி 770 ப்ரோ எக்ஸ் இந்தப் பிரிவினையையே விட்டுவிட்டது. 48 ஓம் ஒன்றுதான், எதிலும் ஓடும், கேபிளும் கழற்றலாம். பழையதைவிட அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

விலை குறைந்ததை வாங்கி இக்யூ போட்டுச் சரிசெய்தால் விலை கூடியது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பகுதி சரியான கேள்வி. பேஸ் தூக்கலை 3 டெசிபல் இறக்குவது, மேலே ஒரு கூர்மையை மழுக்குவது எல்லாம் மென்பொருளில் நன்றாகவே நடக்கும். ஒத்ததிர்வால் உண்டான குறுகலான பள்ளத்தை மட்டும் நிரப்ப முயலாதீர்கள். அங்கே எவ்வளவு ஏற்றினாலும் எதிரொலியும் சேர்ந்து ஏறி மறுபடி அடித்துவிடும். கசிவால் போன பேஸையும் இக்யூவால் மீட்க முடியாது. ட்ரைவரைத் திணறடிப்பதுதான் மிஞ்சும், தலையைத் திருப்பினால் கணக்கு மறுபடி மாறும். மலிவான ஹெட்ஃபோனாக இருந்தாலும் அடைப்பு நன்றாக இருந்தால் இக்யூ அதை எங்கேயோ கொண்டுபோகும்.

வெளிச்சத்தத்தைத் தடுப்பதும் விலையோடு ஏறாத இன்னொரு குணம். சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ விலையில் எளியது. கம்பெனி அதற்குச் சொல்லும் தடுப்பு 32 டெசிபல் வரை. அதைவிட விலை அதிகமான டிடி 770 ப்ரோவுக்குச் சொல்வது 18 டெசிபலை ஒட்டி. 280 தலையை இறுக்கிப் பிடிக்கும், அதுதான் அந்தத் தடுப்புக்குக் கொடுக்கிற விலை. எந்த மூடிய ஹெட்ஃபோனும் மின்னணு உதவியில்லாமல் பேருந்து எஞ்சினின் கீழ் உறுமலைப் பெரிதாகத் தடுக்காது. பேச்சு, தட்டச்சு, பாத்திரச் சத்தம் போன்ற மேல்பகுதியைத்தான் தடுக்கும். இதைக் காதின் நலனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். சத்தமான இடத்தில் வேலை செய்பவருக்கு நல்ல தடுப்புள்ள ஹெட்ஃபோன் சத்தத்தை 6 டெசிபல் இறக்கி வைக்க உதவினால், பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் நான்கு மடங்காகிறது. எந்த ட்ரைவர் மேம்பாட்டையும்விட அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இரண்டை நேரில் ஒப்பிட வாய்ப்புக் கிடைத்தால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் அதிகமாக ஓடுகிற ஹெட்ஃபோன் சத்தம் அதிகம் என்று தோன்றாது, தெளிவு அதிகம் என்று தோன்றும். 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியபடி, மொத்தச் சத்தம் ஏறும்போது பேஸ் இன்னும் வேகமாக ஏறுவதாகக் காதுக்குத் தெரியும். இம்பீடன்ஸும் உணர்திறனும் வேறான இரண்டு ஹெட்ஃபோன்களை ஒரே வால்யூமில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. நன்கு பழகிய ஒரு பேச்சுக் குரலை இரண்டிலும் ஒரே உரத்தில் கேட்கும்படி வைத்துக்கொண்டு, பிறகு இசைக்குப் போங்கள். புதிதாகப் போட்ட ஹெட்ஃபோன் முதல் நிமிடத்தில் எப்போதும் விசித்திரமாகத்தான் இருக்கும், காதும் மூளையும் பழக நேரம் கொடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் காதின் நுனி பேடின் உள்துணியில் உரசுகிறதா, உச்சந்தலையில் ஒரு புள்ளியில் வலிக்கிறதா என்று கவனியுங்கள். எம்40எக்ஸ் 240 கிராம், எம்50எக்ஸ் 285 கிராம். 45 கிராம்தானே என்று தோன்றும். மூன்று மணி நேர எடிட்டிங்கில் கழுத்துக்கு அது தெரியும்.

இன்னும் மேலே போனால் மரமும் உலோகமும் வரும். டெனானின் டி5200இல் ஜீப்ராவுட், டி7200இல் வால்நட், டி9200இல் மூங்கில். அழகானவை, கைவேலையும் நன்றாக இருக்கும். அந்த அழகுக்காக வாங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன், தினமும் கையில் எடுக்கிற பொருள் மனதுக்குப் பிடித்திருக்க வேண்டும்தான். மரம் மாறியதால்தான் ஒலி மாறியது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படிக்குப் படி ட்யூனிங், பேட், ட்ரைவர் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன.

கடைசியாக, ஏற்கெனவே ஒரு மூடிய ஹெட்ஃபோன் வைத்திருந்து, அது முன்போல் இல்லை, மேல் மாடலுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு. பேடைக் கழற்றிப் பாருங்கள். செயற்கைத் தோல் வியர்வையிலும் சூட்டிலும் சில ஆண்டுகளில் உரியும், நுரை அமுங்கித் தட்டையாகும். நுரை தட்டையானால் ட்ரைவர் காதுக்கு நெருங்கி வருகிறது, உள்ளே உள்ள காற்றின் அளவு குறைகிறது, ஓரத்தில் கசிகிறது, பேஸ் போகிறது. புதுசாக இருந்தபோது கேட்ட ஹெட்ஃபோன் இப்போது உங்கள் தலையில் இல்லை. அதே கம்பெனியின் அசல் பேட் ஒரு ஜோடி வாங்கி மாட்டி ஒரு வாரம் கேளுங்கள். வேறு கம்பெனி போடுகிற தடித்த, மெத்தென்ற பேட்களின் தடிமனும் துளையும் மேல்துணியும் வேறு, அவை ஒலியை இன்னொரு பக்கம் இழுத்துவிடும். அசல் பேட் போட்ட பிறகும் மேல் மாடல் மனதில் நின்றால், அதைத் திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் வாங்கி, பழையதை விற்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.